வீட்டுப் புல்வெளிக்கு மோவர், டிரிம்மர், ப்ளோயர்: எதைப் பார்த்து வாங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். புதிதாக வாங்கிய வீட்டில் முன்னும் பின்னுமாக 600 சதுர மீட்டர் அளவுக்குப் புல்வெளி. பின்பக்கம் கொஞ்சம் சரிவு, ஓரம் நெடுக மரங்கள். முந்தைய உரிமையாளர் விட்டுப்போன பெட்ரோல் மோவர் ஸ்டார்ட் ஆகவே இல்லை. புல் வெட்ட மோவர், ஓரம் நறுக்க டிரிம்மர், இலை ஊத ப்ளோயர் என்று மூன்றையும் வாங்க வேண்டும். எந்த பிராண்ட் நல்லது, 80 வோல்ட் வாங்கினால் பெட்ரோலுக்கு இணையாக இருக்குமா, மூன்றையும் ஒரே நிறுவனத்தில் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி பிராண்டைப் பற்றி என்றாலும், நீங்கள் முடிவெடுக்க வேண்டியது வேறு விஷயத்தில். முதலில் பெட்ரோலா பேட்டரியா என்பது. பேட்டரி என்றால், எந்த பேட்டரிக் குடும்பத்துக்குள் நுழையப் போகிறீர்கள் என்பது. ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. ஆகவே இன்றைக்கு எடுக்கும் பேட்டரிதான் அடுத்த பல வருடங்களுக்கு நீங்கள் வாங்கப்போகும் கருவிகளையும் முடிவு செய்யும்.

சிறு எஞ்சின்களையும் தோட்டக் கருவிகளையும் பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் என் பார்வைக்கு ஒரு குறை உண்டு. பழுதானவை மட்டும்தான் என் மேசைக்கு வரும். தொந்தரவில்லாமல் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதை நான் பார்ப்பதே இல்லை. அதிகம் விற்கும் பிராண்ட் என்னிடம் அதிகம் வரத்தான் செய்யும், அதை வைத்து அது மோசம் என்று சொல்வது நியாயமாகாது. ஆகவே தரவரிசை எதுவும் போடப்போவதில்லை. எந்தக் கருவி எதனால் கெடுகிறது, வாங்கியவர் பிறகு எதை நினைத்து வருத்தப்படுகிறார் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

பெட்ரோலா பேட்டரியா என்பதில் உங்கள் அளவு நிலத்துக்கு எனக்குக் குழப்பமே இல்லை. பேட்டரிதான். பேட்டரி மோட்டார் எஞ்சினை விட வலுவானது என்பதால் அல்ல. வீட்டுக்காரர் புல் வெட்டும் விதம் பெட்ரோல் எஞ்சினுக்கு ஒத்துவராது என்பதால். வாரத்துக்கு அரை மணி நேரம் ஓட்டுகிறோம், பிறகு புல் வளராத மாதங்களில் அப்படியே மூலையில் நிறுத்திவிடுகிறோம். டாங்கிலும் கார்புரேட்டரிலும் நிற்கும் பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பின்னால் கோந்து மாதிரி ஒரு படிவத்தை விட்டுவிடும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளை மிகச் சிறியது. அந்தப் படிவம் அதை அடைத்துவிட்டால் எஞ்சின் இருமும், சோக் போட்டால் மட்டும் ஓடும், கடைசியில் அதுவும் நின்றுவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டாங்கின் அடியில் தனி அடுக்காக இறங்கி, நேராக கார்புரேட்டருக்குப் போகும். 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று வரும் மோவர்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான், எஞ்சினில் கோளாறு இருக்காது. மாதத்துக்கு மேல் நிறுத்திவைப்பதாக இருந்தால் எரிபொருளைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்ற வேண்டும். விடாமல் செய்பவர்களுக்குப் பெட்ரோல் மோவர் நெடுநாள் உழைக்கும். ஆனால் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

அதே சமயம் பெட்ரோல் காலாவதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நிலம் 2,000 சதுர மீட்டரைத் தாண்டினால், இடையில் சார்ஜ் போட வழியில்லாத இடமென்றால், முழங்கால் உயரப் புல்லையும் முள்செடியையும் வருடத்துக்குச் சில தடவை அடித்துத் தள்ள வேண்டுமென்றால் பெட்ரோல்தான் இன்னும் கைகொடுக்கும். அடர்ந்த ஈரப் புல்லில் பேட்டரி மோவர் மூச்சுத் திணறும். சுமை எல்லை மீறினால் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை மோட்டாரைத் தானே நிறுத்திவிடும். இது கோளாறில்லை, மோட்டார் எரியாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஆனாலும் பத்தடிக்கு ஒரு தடவை நின்று நின்று போவதைச் சகிக்க ஆளில்லை.

பெட்ரோலில் எனக்கு உறுத்தலாக இருப்பது கையில் பிடிக்கும் டூ ஸ்ட்ரோக் கருவிகள். அந்த எஞ்சினின் அமைப்பே அப்படி. புதுக் கலவை சிலிண்டருக்குள் நுழையும்போதே எரிந்த புகை வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால் எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலேயே புகைக்குழாய் வழியாகப் போய்விடும். பெட்ரோல் லீஃப் ப்ளோயரை ஒரு மணி நேரம் ஓட்டுவது, ஒரு காரைச் சுமார் 1,770 கிலோமீட்டர் ஓட்டும்போது வெளிவரும் புகைமூட்ட மாசுக்கு இணை என்று கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் கணக்கிட்டிருக்கிறது. அந்த மாநிலம் 2021-இல் சட்டம் இயற்றி, 2024 மாடல் முதல் புதிய மோவர், டிரிம்மர், ப்ளோயர் எஞ்சின்களிலிருந்து மாசே வரக்கூடாது என்று ஆக்கிவிட்டது. வாஷிங்டன் டி.சி. 2022-இலிருந்து பெட்ரோல் ப்ளோயரையே தடை செய்துவிட்டது. நீங்கள் இருக்கும் இடத்தில் இப்படி விதி உண்டா என்று வாங்குமுன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விதி இல்லாவிட்டாலும் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் கருவியைப் பிடித்திருக்கும் நீங்கள்தான்.

இனி உங்கள் 600 சதுர மீட்டருக்கு எவ்வளவு பேட்டரி வேண்டும் என்று கணக்குப் போடலாம். 46 செ.மீ. வெட்டு அகலமுள்ள மோவர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசை மேல் கொஞ்சம் ஏறித்தான் போக வேண்டும், ஆகவே உண்மையில் கிடைப்பது 40 செ.மீ. மணிக்கு 3.5 கி.மீ. வேகத்தில் நடந்தால் மணிக்கு 1,400 சதுர மீட்டர். திரும்புவது, மரத்தைச் சுற்றுவது, புல் சேரும் பையைக் கொட்டுவது என்று மூன்றில் ஒரு பங்கு நேரம் கரைந்துவிடும். மிஞ்சுவது 900 சொச்சம். உங்கள் நிலத்துக்கு ஏறக்குறைய 40 நிமிடம். ஒழுங்காக வெட்டிவரும் காய்ந்த புல்லில் இந்த அகலத்து மோவர் சராசரியாக 400 முதல் 600 வாட் இழுக்கும் என்பது என் அனுபவக் கணக்கு. அப்படியானால் ஒரு தடவை முழுவதும் வெட்ட 270 முதல் 400 வாட் அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) வேண்டும். பெட்டியில் '45 நிமிடம் ஓடும்' என்று போட்டிருப்பது லேசான சுமைக்கான நேரம். மோவர் தானாக நகரும் வகையென்றால் அந்த மோட்டாருக்கும் பேட்டரிதான் தீனி போட வேண்டும், சரிவில் அது இன்னும் கூடும். ஆகவே 400 வாட் அவரை உங்கள் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

80 வோல்ட் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயான் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்து செல்களை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், அதையே சிலர் பெட்டியில் 20 என்று போடுகிறார்கள். பத்து செல் இணைத்தால் 36, பெட்டியில் 40. பதினான்கு செல் என்றால் 50.4, பெட்டியில் 56. இருபது செல் என்றால் 72, பெட்டியில் 80. பெட்டியில் இருப்பது முழு சார்ஜில் கொஞ்ச நேரம் மட்டும் நிற்கும் எண். வோல்ட்டை மட்டும் வைத்து எவ்வளவு நேரம் ஓடும் என்று சொல்லவே முடியாது. பெட்டியில் போட்ட எண்ணை விட்டுவிட்டு, சராசரி வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் வரும் வாட் அவர்தான் பேட்டரிக்குள் இருக்கும் சரக்கு. '80 வோல்ட், 2 ஆம்பியர் அவர்' பேட்டரியில் 144 வாட் அவர் இருக்கும். '40 வோல்ட், 6 ஆம்பியர் அவர்' பேட்டரியில் 216. பெரிய எண் போட்ட பேட்டரிதான் சின்னது. கூடுதல் வோல்ட்டில் பயனே இல்லை என்று சொல்லவில்லை. அதே சக்தியைக் குறைந்த மின்னோட்டத்தில் தர முடியும், கம்பியும் ஸ்விட்சும் குறைவாகச் சூடாகும். ஆனால் வீட்டு மோவரைப் பொறுத்தவரை 36 முதல் 56 வோல்ட்டுக்குள் நன்றாக வடிவமைத்த கருவியே போதும். கடையில் பேட்டரியைத் திருப்பிப் பாருங்கள், உடலில் சிறிய எழுத்தில் வாட் அவர் அச்சாகியிருக்கும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வேண்டுமென்றால் அந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

மூன்றையும் ஒரே குடும்பத்தில் வாங்குவது நல்லதுதான். ஆனால் 400 வாட் அவரும் ஒரே பெரிய பேட்டரியாக இருக்க வேண்டியதில்லை, இருப்பதும் சிரமம். அந்தப் பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். மோவரில் அது தெரியாது, சக்கரம் சுமக்கும். அதையே டிரிம்மரின் பின்னால் மாட்டினால் பத்து நிமிடத்தில் தோள் சொல்லிவிடும். 200 முதல் 220 வாட் அவர் கொண்ட நடுத்தரப் பேட்டரி இரண்டு வாங்குங்கள். ஒன்று தீர்ந்ததும் மோவரில் மற்றதை மாட்டலாம், இல்லையென்றால் இரண்டு குழி வைத்த மோவரே எடுக்கலாம். டிரிம்மரையும் ப்ளோயரையும் ஒரு பேட்டரியோடு ஓட்டலாம். ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது.

குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பவை சில. பேட்டரி தனியாக விற்பனைக்குக் கிடைக்கிறதா, என்ன விலை? செட்டாக வாங்கும்போது மலிவாகத் தெரிந்து, மூன்று வருடம் கழித்துப் பேட்டரி மட்டும் வாங்கப்போனால் முழு செட் விலையில் முக்கால்வாசி சொல்வார்கள். கருவிக்கும் பேட்டரிக்கும் உத்தரவாதக் காலம் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும், இரண்டையும் கேளுங்கள். அந்தப் பேட்டரி வடிவத்தை நிறுவனம் எத்தனை காலமாக மாற்றாமல் வைத்திருக்கிறது என்பதும் முக்கியம். ரியோபி தன் 18 வோல்ட் பேட்டரியின் பொருத்தும் முனையை 1996-இலிருந்து மாற்றவே இல்லை, பழைய டிரில்லில் இன்றைய பேட்டரி ஏறும். வேறு சில நிறுவனங்கள் புதிய வரிசை கொண்டுவந்து பழைய பேட்டரிகளைக் கைவிட்டதும் உண்டு. உங்கள் வீட்டில் ஏற்கனவே டிரில், ரம்பம் என்று ஒரு பேட்டரிக் குடும்பம் இருந்தால் முதலில் அதே குடும்பத்தில் தோட்டக் கருவி உண்டா என்று பாருங்கள். டிரிம்மருக்கும் ப்ளோயருக்கும் 18 வோல்ட் ஓரளவு போதும். மோவருக்கு மட்டும் இரண்டு 18 வோல்ட் பேட்டரியை ஒரே நேரத்தில் போடும் மாடல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பேட்டரி எத்தனை வருடம் வரும் என்று எல்லோரும் கேட்பார்கள். நாள் குறித்துச் சொல்ல முடியாது. நல்ல செல்கள் பல நூறு தடவை சார்ஜைத் தாங்கும். வாரம் ஒரு தடவை வெட்டுகிறவர் வருடத்துக்கு நாற்பது, ஐம்பது சார்ஜ்தான் போடுவார். அந்தக் கணக்கில் பயன்படுத்தித் தேய்வதற்கு முன்பே வயதாகித்தான் சாகும். வயதை வேகமாகக் கூட்டுவது வெப்பமும், முழு சார்ஜில் மாதக்கணக்கில் விட்டுவைப்பதும். சூடேறும் தகரக் கொட்டகையில் பேட்டரியை வைக்காதீர்கள். நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள். வெட்டி முடித்த கையோடு சூடாக இருக்கும்போது சார்ஜரில் செருகாமல் ஆறவிடுங்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல்லுக்குள் லித்தியம் படிந்து நிரந்தரச் சேதமாகும்.

இனி மோவர். சுழலும் ஒரே பிளேடு கொண்ட ரோட்டரி மோவர்தான் இப்போது எங்கும். அதற்கு முன்பே, 1830-இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் காப்புரிமை எடுத்தது உருளை மோவர். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல்மயிரைச் செதுக்கும் இயந்திரத்தைப் பார்த்துச் செய்தது அது. உருளையிலுள்ள கத்திகள் அடியிலுள்ள நிலையான தகட்டோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி வெட்டும். புல்லுக்கு அதைவிடச் சுத்தமான வெட்டு கிடையாது. உங்களுடையது அருகம்புல் மாதிரி தரையோடு படரும் வகையாக இருந்து, இரண்டு மூன்று செ.மீ. உயரத்தில் கம்பளம் போல வைத்திருக்க ஆசையென்றால், கையால் தள்ளும் உருளை மோவரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எஞ்சினும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஆனால் நிலம் சமமாக இருக்க வேண்டும், வாரம் தவறக்கூடாது, சுள்ளி கிடக்கக்கூடாது. சரிவும் மரமும் உள்ள உங்கள் நிலத்துக்கு ரோட்டரிதான் சரி என்று நினைக்கிறேன்.

அகலம் 600 சதுர மீட்டருக்கு 42 முதல் 46 செ.மீ. போதும். அதற்கு மேல் போனால் வேலை கொஞ்சம் சீக்கிரம் முடியும், ஆனால் வாசல் வழியாகக் கொண்டுபோவதும் மரங்களுக்கு நடுவில் திருப்புவதும் கஷ்டம். வாங்குமுன் உங்கள் குறுகலான வழியை அளந்துகொள்ளுங்கள். சரிவு இருப்பதால் தானாக நகரும் மோவர் எடுங்கள், அதிலும் பின்சக்கரம் இழுப்பதை. பை நிறைய நிறையப் பாரம் பின்னால்தான் சேரும். முன்சக்கரம் இழுக்கும் மோவரில் அப்போது முன்பகுதி லேசாகி, ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். நடந்து தள்ளும் மோவரைச் சரிவில் குறுக்காக ஓட்ட வேண்டும், மேலும் கீழுமாக ஓட்டக்கூடாது. கால் வழுக்கினால் கருவி உங்கள் மேல் வராமல் இருக்கத்தான் இது. சரிவு எவ்வளவு செங்குத்து என்பது உங்கள் எழுத்திலிருந்து எனக்குப் புரியவில்லை. வெறுங்கையோடு குறுக்கே நடக்கும்போதே கால் தேடினால், அந்தத் துண்டில் புல்லே வேண்டாம், படரும் செடி எதையாவது வைத்துவிடுங்கள்.

வெட்டு உயரத்தை மாற்ற நான்கு சக்கரத்துக்கும் நான்கு நெம்புகோல் வைத்த மலிவு மாடலைத் தவிருங்கள். ஒரே நெம்புகோலில் மொத்தமும் ஏறி இறங்க வேண்டும். கஷ்டமாக இருந்தால் உயரத்தை யாரும் மாற்றுவதே இல்லை, ஒரே உயரத்தில் வெட்டிப் புல்லை வாட்டிவிடுவார்கள். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது புல் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் விதி. இலைப்பரப்பு திடீரென்று குறைந்தால் வேர் சுருங்கும், களை முளைக்க வெளிச்சம் கிடைத்துவிடும். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் முதலில் உச்ச உயரத்தில் வெட்டி, சில நாள் விட்டு இறக்குங்கள். பேட்டரிக்கும் அது சுலபம்.

வெட்டிய புல்லைப் பையில் பிடிப்பது, பக்கவாட்டில் வீசுவது, பொடியாக்கித் தரையிலேயே விடுவது என்று மூன்று வழி உண்டு. மூன்றாவது மல்ச்சிங். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வெட்டுகிறவருக்கு அதுதான் சிறந்தது. பொடித்த புல் சில நாளில் மக்கி நைட்ரஜனைத் திருப்பித் தரும், வருட உரத் தேவையில் கால் பங்கு வரை ஈடாகும். மல்ச்சிங்கால் புல்லடியில் பஞ்சு மாதிரி அடை கட்டும் என்று ஒரு பேச்சு உண்டு, அது சரியில்லை. அந்த அடை முக்கியமாகத் தண்டும் வேரும் சேர்ந்து உண்டாவது. நறுக்கிய இலைநுனியில் பெரும்பகுதி தண்ணீர், சீக்கிரம் மறைந்துவிடும்.

பிளேடைப் பற்றி ஒரு வார்த்தை. பல பேர் 'மோவர் பழைய மாதிரி வெட்டவில்லை' என்று கொண்டுவருவது வெறும் மழுங்கிய பிளேடுதான். வெட்டிய மறுநாள் புல்லின் நுனியைக் குனிந்து பாருங்கள். சுத்தமான கோடாக இருந்தால் பிளேடு கூர்மை. நார் நாராகப் பிய்ந்து வெளுத்திருந்தால் அது வெட்டவில்லை, கிழிக்கிறது. மழுங்கிய பிளேடு பேட்டரியையும் கூடுதலாகத் தின்னும். 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை தீட்டுங்கள். தீட்டியபின் நடுத்துளையை ஒரு ஆணியில் மாட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். சமமில்லாத பிளேடு நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றில் அதிர்ந்து மோட்டார் பேரிங்கைக் கொன்றுவிடும். இதற்கெல்லாம் கைவைக்கும் முன் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள், மோவரில் பாதுகாப்புச் சாவி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

டிரிம்மரைத்தான் மக்கள் கடைசியில் யோசிக்காமல் எடுக்கிறார்கள். ஆனால் கையும் இடுப்பும் சுமப்பது அதைத்தான். பேட்டரி இல்லாமல் கடையில் தூக்கிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. நீங்கள் வாங்கப்போகும் பேட்டரியை மாட்டச் சொல்லி, முன்கைப்பிடியை உங்கள் உயரத்துக்கு நகர்த்தி, ஒரு நிமிடம் பிடித்து நில்லுங்கள். தலை தரைக்கு இணையாகத் தானே நிற்க வேண்டும், நீங்கள் மணிக்கட்டால் இழுத்துப்பிடிக்கும் நிலை வரக்கூடாது. மோட்டார் அடியில் தலையோடு இருக்கும் மாடல் விலை குறைவு, சின்ன வேலைக்குப் போதும். மோட்டார் மேலே இருந்து தண்டுக்குள் சுழலும் கம்பி வழியாகத் தலையைச் சுற்றும் மாடல் சமநிலையாக இருக்கும். தண்டு இரண்டாகக் கழலும் வகையென்றால் ஓரம் சீவும் தலை, கிளை வெட்டும் ரம்பம் என்று பின்னால் மாட்டிக்கொள்ளலாம். உயரமானவருக்கு நேர்த்தண்டு வசதி. வளைந்த தண்டு செடிகளுக்கு நடுவில் சுலபமாகத் திரும்பும்.

நைலான் நூல் வீட்டு வேலைக்கு 2 மி.மீ. கனம் போதும். தண்டு தடித்த களைகளுக்கு 2.4. மோட்டாருக்குச் சொன்ன கனத்தை மீறிப் போடாதீர்கள், தலை வேகமெடுக்காமல் மோட்டார் சூடாகும். எரிந்துபோன டிரிம்மர் மோட்டார்களில் நான் அடிக்கடி பார்க்கும் அடையாளம், காப்புத் தகடு கழற்றப்பட்டிருப்பது. அந்தத் தகட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் கத்தி இருக்கிறது. நூல் அளவுக்கு மேல் நீண்டால் அதுதான் நறுக்கிவிடும். தகட்டைக் கழற்றினால் நூல் நீளும், அகலமாக வெட்டுவது போல இருக்கும், மோட்டார் தன் சக்திக்கு மீறி உழைத்துக் கருகும். கல்லும் நேராகக் காலுக்கு வரும். நூல் பழசாகி உடைந்துகொண்டே இருந்தால் ஒரு இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். நைலான் ஈரத்தை உறிஞ்சி மறுபடி நெகிழும்.

மரங்கள் இருக்கின்றன என்றீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நூல் டிரிம்மரை 1971-இல் ஹூஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் பாலாஸ் உருவாக்கியதே மரப்பட்டைக்குக் காயம் படாமல் சுற்றியுள்ள புல்லை வெட்டத்தான். கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து வந்த யோசனை அது. தகர டப்பாவில் துளையிட்டு மீன்பிடி நூலைக் கோத்து முதலில் செய்துபார்த்தார். இன்றைய மோட்டாரும் தடித்த நூலும் சேர்ந்தால் இளமரத்தின் பட்டையைச் சில நொடிகளில் உரித்துவிடும். இலை செய்யும் உணவை வேருக்குக் கொண்டுபோகும் அடுக்கு பட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிலும் அடிபட்டால் மரம் நோய் எதுவுமில்லாமல் ஒன்றிரண்டு வருடத்தில் காய்ந்துபோகும், காரணம் யாருக்கும் புரியாது. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் அரை மீட்டருக்குப் புல்லை எடுத்துவிட்டு இலைச்சருகோ மரச்சீவலோ பரப்புங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காமல். டிரிம்மர் அங்கே போகவே வேண்டாம்.

ப்ளோயரில்தான் எண்களின் ஏமாற்று அதிகம். பெட்டியில் காற்றின் வேகமும், மணிக்கு எவ்வளவு காற்று என்ற அளவும் போட்டிருக்கும். வேகத்தைக் குறுகிய மூக்கு மாட்டியும், அளவை அதைக் கழற்றியும் அளந்திருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உங்களுக்குக் கிடைக்காது. இலையைத் தள்ளுவது இரண்டும் சேர்ந்த விசை, அதை நியூட்டனில் போடுவார்கள். மணிக்கு 850 கன மீட்டர் காற்றை நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் ஊதினால் சுமார் 17 நியூட்டன் கிடைக்கும். காய்ந்த இலையை நடைபாதையிலிருந்து தள்ள 10, 12 நியூட்டன் போதும். புல்லில் ஒட்டிய ஈர இலைக்கு 15-க்கு மேல் வேண்டும் என்பது என் மதிப்பீடு. நியூட்டன் போடாத பெட்டியை நான் நம்பி எடுக்கமாட்டேன். முழு வேகத்தில் பேட்டரியை ப்ளோயர் போல வேகமாகக் குடிக்கும் கருவி மூன்றில் வேறு இல்லை. 800 வாட் இழுத்தால் 200 வாட் அவர் பேட்டரி கால் மணி நேரத்தில் தீரும். அதனால் விசையை மெல்லக் கூட்டிக் குறைக்கும் ட்ரிகர் உள்ளதாக எடுங்கள். பாதி வேகத்தில் பெரும்பாலான வேலை முடியும்.

உங்களுக்கு ப்ளோயர் உடனே தேவையா என்பதே எனக்குச் சந்தேகம். புல்வெளியில் உதிர்ந்த இலையை, மிகத் தடிமனாக இல்லாவிட்டால், மல்ச்சிங் மோவரே பொடியாக்கிவிடும். நடைபாதைக்குத் துடைப்பம் போதும். முதல் இலையுதிர் காலம் ஒன்று கழியட்டும். இலை எவ்வளவு விழுகிறது என்று பார்த்தபின் அதே பேட்டரிக் குடும்பத்தில் பேட்டரி இல்லாத வெறும் ப்ளோயரை வாங்கினால் செலவும் குறையும்.

பேட்டரிக் கருவிதானே என்று காதையும் கண்ணையும் மறந்துவிடாதீர்கள். 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம் வரை காது தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது வேலையிடங்களில் பின்பற்றும் கணக்கு. 94 டெசிபெல் என்றால் ஒரு மணி நேரம்தான். பேட்டரி ப்ளோயரும் முழு வேகத்தில் காதருகே 85-ஐத் தாண்டக்கூடும். டிரிம்மர் பிடிக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கால் சட்டை, மூடிய காலணி கட்டாயம். குழந்தைகளும் நாயும் 15 மீட்டருக்குள் வரக்கூடாது. மோவரின் கைப்பிடியை விட்டதும் பிளேடு மூன்று நொடிக்குள் நிற்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1982-இலிருந்து விதி இருக்கிறது. எங்கே வாங்கினாலும் கடையில் அதை ஓட்டிக் காட்டச் சொல்லி எண்ணிப் பாருங்கள்.

நின்றுபோன அந்தப் பழைய பெட்ரோல் மோவரைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கயிற்றை மெல்ல இழுங்கள். ஒரு இடத்தில் எதிர்த்து நின்று பிறகு விட்டால் எஞ்சினுக்கு உள்ளே அழுத்தம் இருக்கிறது. அப்படியென்றால் பழைய பெட்ரோலை முழுக்க எடுத்து, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது பிளக் போட்டால் ஓட வாய்ப்பு நிறைய. சாய்த்து வைக்கும்போது ஏர் ஃபில்டர் இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் எஞ்சின் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கிவிடும். எடுத்த பெட்ரோலைத் தரையிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், மூடிய கேனில் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். மோவர் ஓடிவிட்டால், பேட்டரி மோவர் சளைக்கும் அந்த வருடாந்தர உயரப் புல்லுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால், சரிபார்க்கும் செலவு அதன் மதிப்பைத் தாண்டுகிறதா என்று நேரில் பார்க்கும் மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.